அகராதி பிடித்தவர்கள்: விளையாட்டுச் சொல்லும் மூன்றாம் ஆளும்

என்னிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அட்டையில் பச்சை மையில் 'அகராதி பிடித்தவர் அகராதி' என்று எழுதியிருக்கும். 1989 முதல் 1993 வரை மாயவரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிய ஆறேழு பேர் விளையாட்டாக உண்டாக்கிய சொற்கள் அதில் இருக்கின்றன. மொத்தம் 117. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது பிறந்த தேதி. கடைசிப் பக்கங்கள் டீக்கடைக் கணக்கு. சமீபத்தில் இளம் நண்பர்கள் சிலர் 'மொழி விளையாட்டும் எதிர்ப்பும்' என்ற பொருளில் பேசக் கூப்பிட்டார்கள். பரணிலிருந்து நோட்டை இறக்கித் தூசி தட்டினேன். பேச வேண்டியது எனக்கு ஏற்கெனவே மனப்பாடம்: விளையாட்டு என்பது அதிகாரத்தின் இறுகிய மொழியைக் கட்டவிழ்ப்பது, சிரிப்பு என்பது கலகம், பக்தின் சொன்ன திருவிழா மனநிலை இத்யாதி. முப்பது வருஷமாக நானும் இதைத்தான் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் நோட்டின் பதினோராவது பக்கத்தைத் திருப்பியபோது ஒரு சொல் தடுத்தது. கூட்டத்தில் வேறு ஏதோ பேசிச் சமாளித்துவிட்டு வந்தேன். அங்கே பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டு எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களோடு மூலதனம் வாசித்துக்கொண்டிருந்த ஒருவனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. அடுத்த மாதமே ஊர்வலங்களுக்கு வருவது நின்றுபோயிற்று. 'என்னடா ஆச்சு அவனுக்கு?' என்று ஒருவன் கேட்க, இன்னொருவன், 'பூர்ஷ்வாதம்டா. முட்டியில புடிச்சிருக்கு. எழுந்து நடக்க முடியல' என்றான். அவ்வளவுதான். தமிழில் 'வாதம்' கொள்கையையும் குறிக்கும், தர்க்கத்தையும் குறிக்கும், வாத பித்த கபத்தில் ஒன்றாகிக் கைகாலை முடக்கவும் செய்யும். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்களால் எந்த 'வாத'த்தையும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உச்சரிக்க முடியாமல் போயிற்று. கருத்துமுதல்வாதம் தலையில் வருவது, திருத்தல்வாதம் முதுகெலும்பில் வருவது என்று ஒரு வைத்திய சாஸ்திரமே உருவானது. கட்சிப் பள்ளியில் ஆறு மாதம் உட்கார்ந்தும் கிடைக்காத ஒன்றை அந்தச் சிரிப்பு கொடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன். நாம் பயன்படுத்தும் சொல்லைக் கொஞ்சம் எட்ட நின்று பார்க்கும் தூரம் அது.

ரசீதுப் புத்தகத்தோடு கடைவீதியில் இறங்கும் மாலைகளுக்கு 'நன்கொடுமை' என்று பெயர். கொடுமை கடைக்காரருக்கா எங்களுக்கா என்பதை நாங்கள் முடிவு செய்யவேயில்லை. 1991இன் கடைசியில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு, சோவியத் யூனியன் ஏன் விழுந்தது என்று இருபது நிமிஷம் வகுப்பெடுத்தார். அன்றைக்கு அது எங்களுக்கு. ஆயிரம் நோட்டீஸ் அடித்து ஒன்பது பேர் வந்த பொதுக்கூட்டத்துக்குக் 'கூட்டமின்மை'. 'இன்று மாலை 6 மணிக்கு மாபெரும் கூட்டமின்மை, தோழர்களே திரண்டு வாரீர்!' டீக்கடை பெஞ்சில் மட்டும் பீறிட்டு வரும் தத்துவத்துக்குத் 'தேசிந்தனை'. அதில் தேசமும் இருந்தது, தேயிலையும் இருந்தது.

ஒரு விதி உண்டு. சொல்லைச் சொன்னவன் அதை விளக்கக் கூடாது. விளக்கினால் ஒரு டீ அபராதம். யாருக்கும் புரியவில்லையென்றால் அந்தச் சொல் அங்கேயே செத்தது, நோட்டில் ஏறாது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தனியாக ரூமில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்த சொல் ஒன்றுகூட நிலைக்கவில்லை. ஒருவன் பாதியை எறிய இன்னொருவன் மீதியைப் பிடிப்பதில்தான் சொல் பிறந்தது. 'ஆசிரியர் இறந்துவிட்டார்' என்று ரோலன் பார்த்தைப் படித்து அதிர்ந்துகொண்டிருந்த எங்களுக்கு, எங்கள் நோட்டிலேயே ஆசிரியர் இல்லை என்பது உறைக்கவில்லை. (இந்தக் கட்டுரை முழுக்க விளக்கம்தான். எத்தனை டீ பாக்கி என்று அந்த நண்பர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.)

அந்த நாட்களில் எங்களுக்கு எதிரியாகத் தெரிந்தது கலைச்சொல் குழுதான். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1916ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய ஆண்டு அது. பௌதிகம், ரசாயனம், தாவரவியல், கணிதம் முதலியவற்றுக்குத் தமிழில் சொல் ஆக்க ராஜாஜி ஒரு சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டு. கடல் தாண்டி, இறந்து மூன்று வருஷமாகிவிட்ட சசூரின் மொழியியல் விரிவுரைகளை, மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளிலிருந்து தொகுத்து நூலாக்கியதும் 1916இல்தான். குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இடையே இயற்கையான பந்தம் எதுவும் இல்லை, அது இடுகுறித் தன்மையது என்று அந்த நூல் சொல்கிறது. நன்னூல் பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என்று பிரித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு இது ஒன்றும் தலைகீழான செய்தியல்ல. ஆனால் வேடிக்கை பாருங்கள், நம்முடைய சொல்லாக்கக்காரர்கள் இரண்டு முகாமிலும் இடுகுறியைக் கண்டு பயந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் தன் காரணத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். 'மகிழுந்து' என்ற சொல் அப்படி வந்தது. காரில் போகிறவன் மகிழ்ச்சியாகத்தான் போகிறான் என்பது அவர்களாகவே தீர்மானித்தது.

இதை வைத்துக்கொண்டு குழுச்சொற்களையெல்லாம் கேலி செய்வது சுலபம், நாங்கள் செய்தோம். நியாயமில்லை. தட்டச்சு, மின்னஞ்சல், இணையம் எல்லாம் யாரோ உட்கார்ந்து ஆக்கியவைதான், இன்று யாரும் அவற்றை உறுத்தலோடு சொல்வதில்லை. ஒளி பிரிந்து நிறங்களாவதற்குப் பௌதிகப் பாடநூல் வைத்த பெயர் 'நிறப்பிரிகை'. மாணவர்கள் அதைப் பரீட்சைக்கு உருப்போட்டு மறந்தார்கள். 1990இல் தொடங்கிய ஒரு விமர்சனச் சிற்றிதழ் அதையே தன் பெயராக எடுத்தபோது, ஒற்றை வெள்ளை வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டுவது என்ற அரசியல் பொருள் அதற்கு ஏறிவிட்டது. ஆகவே சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு விஷயமேயில்லை. யார் கைக்கு அது போகிறது என்பதில்தான் விஷயம்.

போகவிட்டால் சொற்கள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. நான் கல்லூரிக்குப் போன காலத்தில் விடாமல் பேசிச் சலிப்பூட்டுகிறவனை 'அறுவை' என்போம். அறுப்பதால் அவனே 'ரம்பம்' ஆனான். சில வருஷத்தில் ரம்பம் சின்னதாகிப் 'பிளேடு' ஆயிற்று, 'பிளேடு போடுறான்' என்றார்கள். பிறகு வந்தவர்கள் 'மொக்கை' என்றார்கள். மொக்கை என்றால் மழுங்கியது. அதாவது அறுத்து அறுத்து ஆயுதமே முனை மழுங்கிவிட்டது! மூன்று தலைமுறை மாணவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே உருவகத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். எந்தக் குழுவும் கூடவில்லை, எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. இன்றைய பிள்ளைகள் 'கிரிஞ்சு' என்கிறார்கள். அதில் அந்த இழை அறுந்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அவர்களுடைய இழை எங்கே போகிறது என்று பார்க்க நான் இருக்க மாட்டேன்.

நாங்கள் கலைச்சொல் குழுவைக் கிண்டல் செய்துகொண்டே இன்னொரு குழுவாக ஆகிக்கொண்டிருந்தோம். இந்த மாதிரிப் பத்திரிகைகளின் பக்கங்களைத் திரும்பிப் பாருங்கள். தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வந்தபோது தலைப்பே ஆங்கிலச் சொல்லாக இருந்தது. பத்து வருஷத்துக்குள் எங்களிடம் அமைப்பியல், சொல்லாடல், கதையாடல், பெருங்கதையாடல், பிரதி, பனுவல், மற்றமை என்று ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. தெரிதா ஒருவருக்கே கட்டுடைப்பு, கட்டவிழ்ப்பு, தகர்ப்பமைப்பு என்று மூன்று வாசல். இவற்றில் எதைச் சொல்கிறாய் என்பதை வைத்தே நீ எந்தப் பத்திரிகை, யாருடைய ஆள் என்று கண்டுபிடித்துவிடலாம். பிரதி என்கிறவன் பனுவல் என்கிறவனோடு டீ குடிக்க மாட்டான். இதுவும் நண்பர்கள் கூடிச் சொல் உண்டாக்கிய விளையாட்டுத்தான், சிரிப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள். களத்தில் வேலை செய்த தோழர்கள் 'உங்க பத்திரிகைய படிச்சா ஒண்ணும் புரியல' என்றபோது, 'புரியாமை ஒரு அரசியல்' என்று பதில் எழுதினோம். நானே எழுதியிருக்கிறேன். புரியாமைக்கும் அரசியல் உண்டுதான், ஆனால் அது யாருக்குச் சாதகமான அரசியல் என்பதை எழுதவில்லை.

இதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: குழூஉக்குறி. பவணந்தி தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்குமாறு ஒன்றின் பெயரை மாற்றி வழங்குவது மூன்றாவது. இன்றைய தூய்மைவாதிகள் 'கொச்சை' என்று வாசலிலேயே நிறுத்தும் ஒன்றுக்கு இலக்கணக்காரர் நாற்காலி போட்டு இடம் கொடுத்திருக்கிறார், அதுவும் 'தகுதி' என்ற தலைப்பின் கீழ். உரைகாரர்கள் தரும் உதாரணங்கள் இன்னும் சுவாரஸ்யம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள். குடித்தால் வாயில் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் அல்லவா, அதனால் சொல்விளம்பி! இதைவிட அழகான விளையாட்டுச் சொல் எங்கள் நோட்டில் ஒன்றுகூட இல்லை. காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து குடித்துச் சிரித்தபோது பிறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கற்பனை.

ஆனால் 'பறி' வேறு மாதிரி. பொற்கொல்லர்கள் தங்களுக்குள் இருக்கும்போது பொன்னை வேறு பெயரால் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எதிரே நகை செய்யக் கொடுத்தவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தச் சொல் தேவைப்படுகிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் கைவிரல்களைப் பிடித்து விலை பேசுவதும் அப்படித்தான். சுற்றி ஆள் நிற்பதால்தான் துண்டு. ஆக, குழூஉக்குறி என்றாலே அங்கே மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் காதில் விழுகிறது, பொருள் விழவில்லை. சொல்விளம்பி சிரிக்கவைக்கும் சொல், பறி மறைக்கும் சொல். எங்கள் நோட்டு இதில் எந்தப் பக்கம்?

இந்த இடத்தில் பிராய்டைக் கூப்பிடுகிறேன், அவர் 1905இல் நகைச்சுவை பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதில் ஹைனேயிடமிருந்து எடுத்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் பேசுகிறார். லாட்டரிச் சீட்டு விற்கும் ஏழை ஒருவன், கோடீஸ்வரரான ராத்ஸ்சைல்ட் தன்னைச் சரிசமமாக உட்காரவைத்து 'ஃபமிலியோனேர்' ஆக நடத்தினார் என்று பெருமையடிக்கிறான். குடும்பத்தில் ஒருவனைப் போல என்பதும் கோடீஸ்வரன் என்பதும் ஒரே சொல்லுக்குள் நசுங்கிவிட்டன. கோடீஸ்வரர் ஒருவர் அன்பு காட்டும்போது எவ்வளவு தூரம் காட்டுவார் என்பது அந்த நசுங்கலுக்குள் இருக்கிறது. எங்கள் 'நன்கொடுமை'யின் தொழில்நுட்பமும் இதுவேதான், நாங்கள் பிராய்டைப் படிக்காமலே செய்தோம். பிராய்ட் இன்னொன்றும் சொல்கிறார். குத்தும் நோக்கமுள்ள நகைச்சுவைக்கு மூன்று பேர் வேண்டும்: சொல்கிறவர், குத்துப்படுகிறவர், கேட்டுச் சிரிக்கிறவர். சிரிக்கிறவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதற்காகத்தான் சொல்கிறவர் அவ்வளவு சாமர்த்தியம் காட்டுகிறார். நட்பு என்று நாம் கொண்டாடுவதன் ஒரு பகுதி இப்படி உண்டாவதுதான், யாரோ ஒருவரை நடுவில் வைத்து.

பதினோராவது பக்கத்துக்கு வருகிறேன். 17.3.1991. சொல்: 'பசைஞர்'.

எங்களோடு ஒரு தோழர் இருந்தார். ஊரின் காலனித் தெருவைச் சேர்ந்தவர், ரைஸ்மில்லில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். போஸ்டர் ஒட்டும் வேலை என்றால் அவர்தான். மைதா மாவை எத்தனை கொதிக்கு இறக்குவது, மாடு தின்னாமலிருக்க எவ்வளவு மயில்துத்தம் போடுவது, ஈரச் சுவரில் எந்தப் பக்கத்திலிருந்து தேய்த்துக்கொண்டு போவது எல்லாம் அவருக்குத்தான் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்குமேல் பசை வாளியோடு கிளம்புவார். நாங்கள் யாராவது ஒருவர் கூடப் போவோம், ஏணியைப் பிடிக்க. ஒருநாள் வாளியோடு படியேறி வந்த அவரைப் பார்த்து எங்களில் ஒருவன் சொன்னான்: 'கவிஞர் இருக்காரு, கலைஞர் இருக்காரு, இதோ வர்றாரு பாரு பசைஞர்!' அறை அதிர்ந்தது. அவரும் சிரித்தார். நான்தான் அதை நோட்டில் எழுதினேன். கையெழுத்து என்னுடையது.

அந்தச் சொல் ஏன் சிரிப்பு மூட்டியது? மற்றச் சொற்களை எப்படிப் பிரித்தேனோ அப்படியே இதையும் பிரிக்க வேண்டும். '-ஞர்' என்பது மரியாதை ஏறிய விகுதி. அறிஞர், கவிஞர், கலைஞர் என்று இருபதாம் நூற்றாண்டின் மேடைகள் அதற்கு மாலை போட்டு உட்காரவைத்துவிட்டன. அந்த மாலையைப் பசை வாளியின் கழுத்தில் போட்டதும் பொருந்தாமல் தொங்கியது, நாங்கள் சிரித்தோம். பொருந்தவில்லை என்று நாங்கள் நினைத்தால்தான் அது நகைச்சுவை. பசை கிண்டுவதும் கவிதை கட்டுவதும் ஒரே மதிப்புள்ள வேலை என்று உண்மையிலேயே நம்பும் ஓர் அறையில் அந்தச் சொல்லுக்கு ஒரு புன்னகைகூட வந்திருக்காது. உடல் உழைப்பு, மூளை உழைப்பு வேறுபாட்டை ஒழிப்பது பற்றி அன்று காலைதான் வாசித்திருந்தோம். எங்கள் தத்துவம் ஒன்றைச் சொன்னது, எங்கள் சிரிப்பு வேறொன்றைச் சொன்னது.

இதில் இன்னொரு கூத்து. '-ஞர்' விகுதி எப்போதும் மேடையில் இருந்ததல்ல. சங்கப் பாட்டில் மீன் பிடிக்கிறவர்கள் 'வலைஞர்'. வயலில் வேலை செய்கிறவர்கள் 'வினைஞர்'. வலையைப் பிடித்த கைக்கும் மண்ணைக் கிளறிய கைக்கும் தமிழ் கூச்சமில்லாமல் கொடுத்திருந்த விகுதி அது. அந்தக் கணக்கில் பசைஞர் என்பது சுத்தமான, இலக்கணப்படியான, கௌரவமான சொல். அதை வேடிக்கையாக்கியது நாங்கள் சுமந்துவந்த மறதி. குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வலோஷினோவ் 1929இல் எழுதியதை மேற்கோள் காட்டாத கட்டுரை நாங்கள் எழுதியதில்லை. எங்கள் நோட்டிலேயே அந்தக் களம் இருந்தது, நாங்கள் தப்பான கரையில் நின்றுகொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குள் வாடா போடா. அவர் எங்களையெல்லாம் 'தோழர்' என்று கூப்பிட்டு 'நீங்க' போட்டார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்றோம். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர் அவர். வாடா போடா என்பது நெருக்கம், 'நீ' என்பது வேறு. தமிழில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 117 சொற்களில் அவர் உண்டாக்கியதாக ஒன்று இல்லை. சில ஞாயிறுகளில் வந்துகொண்டிருந்த இரண்டு பெண் தோழர்கள் உண்டாக்கியதாகவும் ஒன்று இல்லை. பெண்களைப் பற்றிய சொற்கள் பதினாலு இருக்கின்றன, அவற்றை இங்கே அச்சேற்ற எனக்கு மனமில்லை. 'ஃபிகர்', 'அட்டு' வகையறாவின் சற்றுப் படித்த சித்தப்பா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வைக்கும் உரிமை என்பது சின்ன விஷயமில்லை என்பதற்கு இந்த மண்ணில் சாட்சி நிறைய. 1907இல் தன் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்த அயோத்திதாசர், 'வேஷப் பிராமணர்' என்ற ஒரு தொடரால் செய்ததை நாங்கள் நூறு கட்டுரையில் செய்யவில்லை. அதில் கேலி இருக்கிறது, வரலாற்று வாதம் இருக்கிறது, மேலே பார்த்து எறிந்த கல் அது. 1922இல் எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்று அரசு எழுதுவதை நிறுத்தி ஆதிதிராவிடர் என்றே வழங்க வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். பிறர் அன்போடு சூட்டிய 'ஹரிஜன்' என்ற பெயரை எத்தனையோ பேர் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் 'ஒம்போது' என்று ஒரு பையனைக் கூப்பிட்டு நாங்கள் சிரித்திருக்கிறோம், ஓர் எண்ணைச் சொல்லாக்கிய அந்தச் சாமர்த்தியத்தை யாரும் மறுக்க முடியாது. அந்தச் சாமர்த்தியத்தில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினார்கள்? பின்னால் 'திருநங்கை' என்ற சொல் அச்சமூகத்துக்குள்ளிருந்தே வந்து நிலைபெற்றது, 2008இல் தமிழ்நாடு அரசு அமைத்த நலவாரியத்தின் பெயரிலும் ஏறியது. திருநங்கை விளையாட்டுச் சொல் இல்லை. விளையாடிய சொற்களுக்கு அது பதில்.

'அப்ப சிரிக்கவே கூடாதா தோழர்? ஒவ்வொரு ஜோக்குக்கும் சென்சார் போர்டு வைக்கலாமா?' என்று ஒரு நண்பர் இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டுக் கேட்டார். கேள்வி நியாயமானது. பூர்ஷ்வாதத்தை நான் விட்டுத்தர மாட்டேன். இன்றைக்கு 'சங்கி' என்று எதிராளியைச் சொல்லிச் சிரிக்கிற தம்பிகளிடமும் எனக்குச் சண்டையில்லை. அதிகாரம் வைத்திருப்பவனுக்கு ஒரு பட்டப்பெயர் பெரிய சேதமில்லை, கொஞ்சம் நல்லதும்கூட. என் சண்டை எங்களுடைய விமர்சன மொழியோடுதான். விளையாட்டு என்றாலே எதிர்ப்பு, கேலி என்றாலே கலகம் என்று நாங்கள் ஒரு சமன்பாடு எழுதி வைத்தோம். சாதி இந்துப் பையன்கள் கூடி உட்கார்ந்தாலும் விளையாடத்தான் செய்கிறார்கள். ஆண்டைகள் வைக்காத பட்டப்பெயரா? பண்ணையாட்களுக்குச் 'சுப்பன்', 'குப்பன்' என்று பெயரைக் குறுக்கியது எந்தக் கலைச்சொல் குழு? பக்தினின் திருவிழாவில் ராஜாவைக் கோமாளியாக்கினார்கள் என்று படித்தோம். நம்மூர்த் திருவிழாவில் யார் ஆடுகிறார்கள், யாரை ஆடவைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அந்தக் கோட்பாட்டை இறக்குமதி செய்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் சமாளித்துவிட்டு வந்த மறுவாரம் நோட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். ரைஸ்மில்லை விட்டு ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு, இப்போது பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். மகன் கணினியில் யாருடைய காதுகுத்துக்கோ தலைவர் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். நோட்டைப் புரட்டினார். நன்கொடுமையைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமின்மைக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார். பதினோராவது பக்கம் வந்தது. நான் அவசர அவசரமாக வலைஞர், வினைஞர் என்று சங்க இலக்கியத்தை எடுத்துவிட்டேன். அது உண்மையில் எவ்வளவு உயர்ந்த சொல் தெரியுமா தோழர் என்றேன்.

'இருக்கட்டும் தோழர். அன்னிக்கு நீங்க அத நெனச்சு வைக்கலயே' என்றார்.

பிறகு தேதியின் மேல் விரலை வைத்தார். 'இது ஞாயித்துக்கெழம. மறுநா திங்கக்கெழம எனக்கு மூணாவது வாய்தா.'

எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. வந்தபோது உட்கார முடியவில்லை. 1990 கடைசியில் ராத்திரி போஸ்டர் ஒட்டும்போது போலீஸ் பிடித்தது. ஏணி பிடித்துக்கொண்டிருந்தவன் ஓடிவிட்டான், அவர் மேலே இருந்தார். சுவரொட்டி வழக்கு. சின்ன வழக்குத்தான் என்றாலும் இரண்டு வருஷம் இழுத்தார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். 'நாங்க எல்லாரும் கோர்ட்டுக்கு வர்றோம்' என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். இரண்டு தடவை போனோம் என்று நினைக்கிறேன். அவர் ஒரு தடவை என்கிறார்.

'எங்க தெரு பயலுவளும் உங்களுக்கு ஒரு பேரு வச்சிருந்தானுவ' என்றார். 'நீங்க படியேறிப் போறத பாத்தாலே சொல்லுவானுவ.'

'என்ன பேரு?'

மகன் திரும்பிப் பார்த்தான். அவர் கொஞ்ச நேரம் மெஷின் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'வாய்தா.'

எனக்கு முதலில் கோர்ட்டு மட்டும்தான் கேட்டது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் இரண்டாகப் பிரிந்து கேட்டது. தள்ளிப் போடுகிறவர்கள். வாயை மட்டும் தருகிறவர்கள். விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை, விதிப்படி அபராதம் எனக்குத்தான். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் எங்களுக்கு ஒரு கலைச்சொல் இருந்திருக்கிறது, நாங்கள் அந்த மூன்றாம் ஆளாக மாடியேறி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்து, 118ஆவதாக எழுதச் சொன்னேன். 'சேத்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா?' என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகனிடம் டீக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சேர்த்தே எழுதினார்.